கம்ப்ரஷன் பூட்ஸைத் துவைக்காதீர்கள், துடையுங்கள்

காற்றழுத்த ரிகவரி பூட்ஸ் (களைத்த கால்களில் மாட்டி, பம்பால் காற்றேற்றி இறக்கி அழுத்தம் தரும் நீள உறை) புதிதாக வாங்குபவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்து சலித்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். அழுக்குக் காலோடு மாட்டாதீர்கள், சாக்ஸ் போடுங்கள் என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

தண்ணீரில் முக்குவது

இதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

வெளியே பார்த்தால் நைலான் துணி. அதனால் வாளியில் ஊறப்போடுகிறார்கள், இல்லையென்றால் வாஷிங் மெஷினில் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது காற்றறைகள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு அறைக்கும் வெளியுலகத்தோடு உள்ள ஒரே வழி, குழாய் மாட்டும் அந்தச் சின்னத் துளைதான். முக்கும்போது அதன் வழியாகத் தண்ணீர் சுலபமாக உள்ளே போய்விடும், திரும்பி வராது. கொடியில் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் துணி காயுமே தவிர அறை காயாது.

தெரிந்தவர் ஒருவர் தன் பூட்ஸைக் கொண்டுவந்து, "ஒரு பக்கம் சரியாக அழுத்தவில்லை, பம்ப் போய்விட்டது போல" என்றார். தூக்கிச் சாய்த்தேன். பாதப் பகுதியில் களக் களக் என்று சத்தம். "துவைத்தீர்களா?" என்று கேட்டால், "லேசாகத்தான்" என்கிறார்! அந்த ஈரத்தோடு பலமுறை பயன்படுத்தியும் இருக்கிறார். பல மாடல்களில் அறையிலிருந்து காற்று இறங்குவதும் அதே குழாய் வழியாகத்தான். வால்வு இருப்பது பம்புக்குள். அறைத் தண்ணீரும் கூடவே அங்கே போய்விட்டது. கடைசியில் பூட்ஸ், பம்ப் இரண்டுக்கும் செலவு. ஒரு ஈரத்துணியில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

மெஷினில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அறைகளின் ஓரங்கள் பெரும்பாலும் சூட்டில் ஒட்டப்பட்டவை. சுடுதண்ணீரும் சுழற்சியும் சேர்ந்தால் ஒட்டு விட்டுப்போகலாம். ஒட்டு போன அறையை வீட்டில் சரிசெய்வது நடக்காத காரியம்.

சரி, எப்படித்தான் சுத்தம் செய்வது? குழாயைக் கழற்றுங்கள். துளையை மூடி போட்டோ டேப் ஒட்டியோ அடையுங்கள். மிதமான சோப்பு கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, உள்பக்கம் துடையுங்கள். பாதத்தின் மூலையை விட்டுவிடாதீர்கள், நாற்றம் பிறப்பதே அங்கேதான். பிறகு வெறும் ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. ஜிப்பை முழுக்கத் திறந்து மின்விசிறிக் காற்றில் விடுங்கள்.

ஏற்கெனவே தண்ணீர் போய்விட்டதா? பம்பை இணைக்கவே இணைக்காதீர்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்து, எதிர்முனையிலிருந்து பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வெளியேற்றுங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம், அந்தச் சூடும் ஒட்டுக்கு எதிரிதான்.

வெயிலில் காயவைப்பது

நிழல் போதும்.

பிளீச்

கூடாது. கிருமிநாசினித் துடைப்பான்களைக்கூட, உங்கள் மாடலின் கையேடு அனுமதித்தால் மட்டும்.

தைலம் தேய்த்த காலோடு மாட்டுவது

எண்ணெய்ப் பிசுக்கு உள்பூச்சில் தங்கி, வியர்வையையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காலைத் துடைத்துவிட்டு, நீளமான சாக்ஸோ லெக்கிங்ஸோ போட்டு மாட்டுங்கள். பூட்ஸைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்தே ஆக வேண்டும், சேற்றுப்புண் சுலபமாகத் தொற்றும்.

ஜிப்பை அவசரமாக இழுப்பது

காற்று முழுதும் இறங்கட்டும். உப்பிய பூட்ஸில் ஜிப் பற்களின் மீது இழுவை அதிகம், அப்போது இழுத்தால் பல் விலகும். கால் நுழைக்காமல் வெறும் பூட்ஸில் காற்றேற்றி வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம். தாங்கிப் பிடிக்கக் கால் இல்லாததால் அழுத்தம் முழுவதும் ஒட்டுகளின் மேல் விழும்.

ஈரத்தோடு மடிப்பது

பூஞ்சை. காய்ந்தபின் தளர்வாகச் சுருட்டி வையுங்கள், தினமும் ஒரே கோட்டில் மடிக்காதீர்கள். குழாயை முறுக்கியும் வைக்காதீர்கள்.

காற்று ஏறவில்லை என்றதும் பிரித்துப் பார்ப்பது

முதலில் இணைப்புகளை அழுத்திப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். அப்படியும் ஏறாவிட்டால், பம்ப் முனையை அப்படியே விட்டு, பூட்ஸ் முனையில் மட்டும் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றுங்கள். கோளாறு அடுத்த காலுக்கு மாறினால் குழாயோ பம்போ காரணம். அதே காலிலேயே நின்றால் கோளாறு பூட்ஸில்தான்.