இரண்டு நாளில் பாரிஸ்: ஆற்றை ஒட்டியே ஒரு நடை

பாரிஸில் இரண்டே நாள்தான் என்றால் முதலில் கிழமையைப் பாருங்கள். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள் விடுமுறை. லூவர் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். ஓர்சே வியாழனன்று இரவு 9:45 வரை. ஆகவே புதன், வியாழன் சேர்ந்து கிடைத்தால் விடாதீர்கள். பகல் வெளிச்சத்தை வெளியே செலவிட்டு, கூட்டம் வடிந்த மாலையில் உள்ளே போகலாம்.

நோத்ர தாம், லூவர், ஓர்சே, ஈபிள் கோபுரம் எல்லாமே சென் ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இந்தக் கரைகளைத்தான். முதல் நாள் கிழக்குப் பாதி, மறுநாள் மேற்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நடந்தே பார்த்துவிடலாம். வெர்சாய் அரண்மனை ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். இந்த முறை அதை விட்டுவிடுங்கள்.

ரயில் டிக்கெட்டில்தான் பலர் பணம் இழக்கிறார்கள். நிலையத்தில் 2 யூரோவுக்கு ‘நவிகோ ஈசி’ அட்டை வாங்கிப் பயணங்களை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். ஒரே அட்டையைக் காட்டி இருவர் போக முடியாது. மெட்ரோ டிக்கெட்டில் பேருந்துக்கு மாறவும் முடியாது. 2025-ல் ஒரு மெட்ரோ பயணம் 2.50 யூரோ, விமான நிலையப் பயணம் 13 யூரோ. கட்டணம் அவ்வப்போது கொஞ்சம் ஏறும். சாதாரண மெட்ரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது. அதை வைத்துக்கொண்டு போனால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். வாராந்தர அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. புதன்கிழமை வந்து இறங்குபவருக்கு அது நட்டம்.

புதன் காலை ஆற்றின் நடுவிலுள்ள சிதே தீவில் தொடங்குங்கள். சேன்த் ஷப்பெல் தேவாலயத்துக்கு நாளின் முதல் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். 1248-ல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தச் சிறு ஆலயத்தின் மேல்தளத்தில் 15 வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், அவற்றில் 1,113 விவிலியக் காட்சிகள். பீடம் கிழக்குப் பக்கம் இருப்பதால் வெயிலுள்ள காலையில் அந்தச் சாளரங்கள் பற்றி எரிவதுபோல் ஒளிரும். மேகமூட்டமாக இருந்தால் பாதி அழகுதான், முடிந்தால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை. கத்தி, கத்தரிக்கோல் பையில் வேண்டாம்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் நோத்ர தாம். 2019 ஏப்ரல் 15-ல் தீப்பிடித்த பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. முன்பதிவும் இலவசம், ஓரிரு நாளுக்கு முன்புதான் கிடைக்கும். வாசலில் யாராவது நுழைவுச்சீட்டு விற்றால் ஏமாற்று என்று அறிந்துகொள்ளுங்கள்.

லூவருக்கு மாலை 5 மணிக்கு நுழையும்படி முன்பதிவு செய்யுங்கள். முழுவதையும் பார்க்க நினைப்பவர் கால் வலியோடு எதையும் பார்க்காமல் திரும்புவார். தெனோன் பிரிவில் நுழைந்து, படிக்கட்டின் உச்சியில் சிறகு விரித்து நிற்கும் சாமோத்ராக்கி வெற்றித் தேவதையின் சிலையைப் பார்த்துவிட்டு, 711-ம் அறைக்குப் போங்கள். மோனா லிசா அங்கேதான். அவளைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நில்லுங்கள்: எதிர்ச்சுவர் முழுவதும் வெரோனேசே வரைந்த ‘கானா திருமணம்’ ஓவியம், ஏறக்குறைய 10 மீட்டர் அகலம். பக்கத்திலுள்ள நீண்ட கூடத்தில் லியோனார்டோவின் வேறு ஓவியங்களும் உண்டு. அவற்றின் முன்னால் நெரிசலின்றி நிற்கலாம்.

வியாழன் காலை 6-ம் எண் மெட்ரோவில் பாஸியிலிருந்து பிர் அக்கேம் வரை ஒரே ஒரு நிலையம் போங்கள், இடப்பக்க ஜன்னலோரம். ரயில் பாலத்தில் ஆற்றைக் கடக்கும்போது ஈபிள் கோபுரம் முழுசாகத் தெரியும். லிஃப்ட் டிக்கெட்டுகள் 60 நாளுக்கு முன்பே இணையத்தில் வெளியாகி வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் 674 படி ஏறி இரண்டாம் தளம் போகலாம். உச்சி வரை போவதைவிட அந்தத் தளமே மேல் என்பது எங்கள் கருத்து. கட்டடங்களை அடையாளம் காணும் உயரம் அதுதான்.

பிறகு கரையோரமாக அலெக்சாந்தர் பாலத்தைத் தாண்டி ஓரான்ஜெரி அருங்காட்சியகத்துக்கு. ஓவியர் மோனேயின் எட்டு அல்லிக்குள ஓவியங்கள் இரண்டு நீள்வட்ட அறைகளில், கூரை வழியாக இறங்கும் பகல் வெளிச்சத்தில் இருக்கின்றன. அதனால் பகலில் இது, மாலையில் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஓர்சே. ரயில் நிலையமாக இருந்த கட்டடம் அது. நேராக 5-ம் தளம் ஏறிவிட்டு மெல்லக் கீழே இறங்குங்கள். இருட்டியபின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஈபிள் கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும். த்ரோக்கதேரோ மேடையிலிருந்து பாருங்கள். ஜூனில் இருட்ட இரவு 10 மணி ஆகிவிடும்.

கூட்ட இடங்களில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர்களிடம் நிற்காதீர்கள். நீங்கள் கையெழுத்திடும்போது இன்னொரு கை உங்கள் பைக்குள் இருக்கும்.

கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், அங்கே அது மரியாதைக்குறைவு. உணவகத்தில் ‘கராஃப் தோ’ கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம்.

ஊர் திரும்பும் நாளில் ரயிலேறும் கார் து நோர் நிலையத்துக்கு அருகிலேயே லாச்சப்பல் பகுதி இருக்கிறது. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்களில் தோசையோ கொத்துரொட்டியோ சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போகும் ஆர்.இ.ஆர். ‘பி’ புறநகர் ரயிலைப் பிடிக்கலாம். ஆனால் பலகையைப் பார்த்து ஏறுங்கள். அதே தடத்தில் வரும் ரயில்களில் சில பாதி வழியில் பிரிந்து மித்ரி என்ற வேறு ஊர்ப் பக்கம் போய்விடும். சார்ல் து கோல் விமான நிலையத்தின் பெயர் எரிகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியைத் தூக்குங்கள்.