சத்துமாவைக் கிலோக் கணக்கில் அரைத்து வைக்காதீர்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் மாவு மில்களில் புதுமுகங்கள் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகளுக்குக் கார்ன்பிளேக்ஸை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சத்துமாவு செய்து கொடுப்போம் என்று கிளம்பியவர்கள். நல்ல முடிவு. சீனியைக் குறைக்க வேண்டும், பாலை அளந்து ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். எனக்கு ஆற்றாமை வருவது வேறு சில தவறுகளில்.

மூன்று மாதத்துக்கும் சேர்த்து அரைப்பது

எங்கள் தெருவில் ஒரு பெண் கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி 8 கிலோ அரைத்து வந்தாள். கொஞ்ச நாளில் வந்து நிற்கிறாள்: "கசக்குது அக்கா, பிள்ள வாயில வைக்க மாட்டேங்கான்." அத்தனை முந்திரியும் பாதாமும் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார்கள்.

கடைப் பெட்டி மாதக்கணக்கில் தாங்குகிறதே, நம் மாவு ஏன் தாங்கவில்லை? கார்ன்பிளேக்ஸுக்கு மக்காச்சோளத்தின் முளைப்பகுதியை முதலிலேயே நீக்கிவிடுகிறார்கள். எண்ணெய் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. நாம் அரைப்பதோ முழுத் தானியம். கம்பில் 100 கிராமுக்கு 5 கிராம் அளவுக்குக் கொழுப்பு உண்டு. அரைபட்டதுமே அதிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். கசப்பும் காறல் வாடையும் அதனால்தான். நிலக்கடலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஒரு தடவைக்கு 1 கிலோ போதும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுங்கள். கம்பை வாசம் வரும்வரை நன்றாகவே வறுங்கள், அந்தச் சூட்டில் நொதி அடங்கும். கடலை, முந்திரியை அன்றன்றைக்குப் பொடித்துச் சேர்க்கலாம்.

மில்லில் இருந்து வரும் மாவு கையைச் சுடும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து, மாவுக்குள் சொட்டி, ஓரமெல்லாம் கட்டி பிடிக்கும். வெள்ளை வேட்டியில் பரப்பி, ஆறிய பிறகே அள்ளுங்கள். பூஞ்சை கண்டால் சலித்துப் பயன்படுத்தவே கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள். கடலையில் பிடிக்கும் பூஞ்சை ஈரலைக் கெடுக்கும்.

ஒரே நாளில் பெட்டியை ஒழிப்பது

வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளில் தொடங்குங்கள்.

கருப்பட்டியைத் தட்டி அப்படியே போடுவது

உடன்குடிச் சரக்கே ஆனாலும் மண் கிடக்கும். கரைத்து வடிகட்டுங்கள்.

தினமும் கஞ்சியே காய்ச்சுவது

பிள்ளைகள் வெறுத்துப்போவது இதனால்தான். நம் ஊரில் உளுந்தங்களி இருக்கிறதே! கருப்பு உளுந்து ஒரு கப்புக்குப் பச்சரிசி கால் கப், வறுத்து அரைத்தது. வடிகட்டி ஆறிய கருப்பட்டித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஞாயிற்றுக்கிழமை உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வைத்துப் பாருங்கள், பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவார்கள்.

கூடவே காப்பி

பெட்டி உணவுகள் பலவற்றில் இரும்புச்சத்தைச் சேர்த்து விற்கிறார்கள். வீட்டில் அதைத் தானியமும் பயறும்தான் தர வேண்டும். காப்பியும் தேத்தண்ணியும் அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேர, களியோடு ஒரு நெல்லிக்காய்த் துண்டைக் கொடுங்கள்.