உப்புநீர்த் தொட்டிக்கு முதல் மீன் எது? கடைசி மீனிலிருந்து யோசியுங்கள்

"தொட்டி ரெடி, முதல் மீனா எதை விடலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசியாக எதை விடப் போகிறீர்கள்? சிலருக்கு எரிச்சல்கூட வரும். ஆனால் பதில் அங்கேதான் இருக்கிறது. நாம் வளர்க்கிற கடல் மீன்களில் பல, இடம் பிடித்து வாழ்பவை. முதலில் வந்தது எந்தப் பாறை இடுக்கில் குடியேறுகிறதோ அது அதற்குப் பட்டா போட்ட இடம்; பின்னால் வருகிறவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள். அதனால் சாது முதலில், சண்டைக்காரன் கடைசியில். ஆசைப்பட்ட மீன்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, முரட்டுத்தனத்தின்படி மேலிருந்து கீழாக அடுக்குங்கள். அடியில் இருப்பதுதான் உங்கள் முதல் மீன்.

எழுதும்போதே சில பெயர்களை அடித்துவிடலாம். நீல டாங் கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும், வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும், சின்னத் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் கண்ணைப் பறிக்கும், ஆனால் பாறையில் ஊரும் கோப்பிபாட் பூச்சிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்ன வேண்டும். புதுத் தொட்டியில் அவை போதாமல் மெலிந்தே சாகும். டாம்செல்லை "இது சாகவே சாகாது" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். உண்மைதான், சாகாது. பிரச்சினையே அதுதான். பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் அது விரட்டிக் கடிக்கும்; அதைப் பிடிக்க மொத்தப் பாறையையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

100 லிட்டர் தொட்டி என்றால் என் வரிசை இது: முதலில் ஃபயர்ஃபிஷ், அடுத்து மஞ்சள் வாட்ச்மேன் கோபி, பிறகு ராயல் கிராமா, கடைசியாக ஒரு ஜோடி க்ளௌன். ஃபயர்ஃபிஷ் பயந்தால் துள்ளும், அதனால் மேலே வலை மூடி போடாமல் அதை வாங்கவே வாங்காதீர்கள். க்ளௌன் மட்டும் போதும் என்பவர்கள் அதையே முதலில் விடலாம். அனிமோன் (க்ளௌன் கடலில் குடியிருக்கும், பூப்போன்ற உயிரினம்) இல்லாமலே க்ளௌன் நன்றாக வாழும். புதுத் தொட்டியில் அனிமோன்தான் தாங்காது.

க்ளௌன் வாங்கினால் சின்னதாக இரண்டு, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் பார்த்து எடுங்கள். க்ளௌன் குஞ்சுகளில் பெண் கிடையாது. ஆதிக்கம் பிடிக்கிற ஒன்றுதான் பின்னால் பெண்ணாக மாறும். கொஞ்ச நாள் துரத்தல் இருக்கும். சின்னது பக்கவாட்டில் சாய்ந்து உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டும். வலிப்பு வந்துவிட்டதென்று பதறி நிறைய பேர் தனியாகப் பிரித்து வைக்கிறார்கள். அது "நீதான் பெரியவள், விட்டுடு" என்கிற சரணாகதி. அப்படியே விடுங்கள். ஏற்கெனவே வளர்ந்த இரண்டு பெண்களைச் சேர்த்து வைத்தால்தான் உயிர்ச்சேதம்.

இனி தண்ணீர். பளிங்காக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது; மீன் கழிவில் சேரும் அமோனியா விஷத்தை மாற்றும் பாக்டீரியா முதலில் வளர வேண்டும். மீன் போடாமலே அம்மோனியம் குளோரைடு ஊற்றி அமோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டு வாருங்கள். பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். ஊற்றிய 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்தால் சைக்கிள் (தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் இந்த வேலை) முடிந்தது என்று அர்த்தம். அந்த நிலைக்கு வர பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். லைவ் ராக் (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் ஏற்கெனவே குடியிருக்கும் கடல் பாறை) இருந்தால் சீக்கிரம் முடியும். நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம் இருப்பதால், அதே அளவு அமோனியா இங்கே கூடுதல் விஷம். நடுவில் மணலெல்லாம் பழுப்புத் தூசு படியும். அது டயாட்டம் என்கிற நுண்பாசி, தானாகப் போய்விடும், துடைத்துத் துடைத்து ஓய்ந்து போகாதீர்கள். மீன் வருவதற்கு முன் ஒரு பெரிய தண்ணீர் மாற்றம் செய்து, வெப்பம் 25–26 டிகிரி, உப்பு அடர்த்தி 1.025 (நன்னீர் 1 என்று வைத்தால்) என்று நிறுத்துங்கள். ஆவியாகிக் குறைவதற்கு ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

கடையில் மீனின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அது இரை எடுப்பதைப் பாருங்கள். உங்கள் கண்ணெதிரே போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் மூடி படபடவென்று அடிக்கிறதா, பம்ப் தண்ணீர் வரும் இடத்திலேயே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்துத் தொட்டிகளையும் பாருங்கள். பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது. தொட்டியில் பிறந்த மீனா, கடலில் பிடித்ததா என்றும் கேளுங்கள். பாங்காய் கார்டினல் வாங்குவதாக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். அது இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயல்பாக வாழ்வது. பிடித்துப் பிடித்தே அருகிப் போன மீன்.

வாங்கியதை நேரே பெரிய தொட்டியில் விடக் கூடாது, முதலில் தனியாக ஒரு குவாரண்டைன் தொட்டியில் வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். 40 லிட்டர் தொட்டி ஒன்று, ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், சில வாரமாகப் பெரிய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் – இவ்வளவு போதும். மணல், பாறை வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் அங்கே இருக்கட்டும். காரணம் வெள்ளைப்புள்ளி நோய். மீன் மேல் சில நாள் ஒட்டியிருக்கும் அந்த ஒட்டுண்ணி பிறகு உதிர்ந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று நாம் நிம்மதியடைவோம். உதிர்ந்தது மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, வாரக்கணக்கில் கழித்துக்கூடப் பொரிந்து, பல மடங்காகத் திரும்பி வரும். பெரிய தொட்டியில் இது புகுந்தால் எல்லா மீனையும் வெளியேற்றிக் காலியாக விட வேண்டும். பலர் கடைப்பிடிக்கும் கணக்கு 76 நாள். அங்கேயே காப்பர் மருந்து ஊற்றலாமே என்றால், பவளம், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் அது எமன்.

பையிலிருந்து விடும்போது சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தண்ணீர் கலக்க வேண்டும் என்பார்கள். பக்கத்துக் கடையிலிருந்து வந்தால் அது பரவாயில்லை. நெடுநேரம் பயணித்து வந்த பையில் அமோனியா சேர்ந்திருக்கும். மீன் விட்ட கரியமில வாயு பிஎச்சைக் குறைத்து வைத்திருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அடங்கியது விஷமாகும். அதனால் கடையின் உப்பு அடர்த்தி என்ன என்று முன்பே கேட்டு (1.018–1.020 வைக்கும் கடைகள் உண்டு), குவாரண்டைன் தொட்டியையும் அதே அளவில் வையுங்கள். பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, மீனை மட்டும் உடனே மாற்றுங்கள். பைத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. அடர்த்தியை 1.025க்கு ஏற்றுவதைச் சில நாட்களில் மெதுவாகச் செய்யலாம்.

அன்று இரவு விளக்கு வேண்டாம், இரையும் வேண்டாம். மறுநாள் ஒரு சிட்டிகை. இரண்டு நாள் குழாய்க்குள்ளேயே இருந்து தின்ன மறுத்தாலும் பயமில்லை. மூச்சு வேகமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் சின்னத் தொட்டியில் அமோனியாவைத் தினமும் சோதியுங்கள்.

முதல் மீன் பெரிய தொட்டிக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்தது. கூடுகிற கழிவுக்கு ஏற்ப பாக்டீரியாவும் பெருக வேண்டுமே. பழையது புதியதைத் துரத்தினால், ஓட்டை போட்ட தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் புதியதை வைத்துத் தொட்டிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள். பழையது பெட்டியை முட்டுவதை நிறுத்திய பிறகு திறந்துவிடலாம்.