பிங் வருகிறது, ஆனால் ரேடியோ வழியாகத்தான் வருகிறதா?

சம்மாந்துறை வட்டையில் (வயல்வெளியில்) வக்கடைக்கு, அதாவது வரப்பில் தண்ணீர் பாயும் வாய்க்கு, பக்கத்தில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு சென்சர், கல்லடியில் வாவித் தண்ணீரின் உப்பை அளக்க இன்னொன்று. இப்படியான ஆசைகளோடு வரும் தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது, சாமான் வாங்குவதற்கு முன் லப்டொப்பிலேயே வலையமைப்பைக் கட்டிப் பாருங்கள் என்பதுதான். சின்னப் பற்றரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு வைஃபை சரிவராது. அதற்கென்றே 2003இல் வந்தது ஐஈஈஈ 802.15.4 தரம். வேகம் நொடிக்கு 250 கிலோபிட், ஒரு சட்டகத்தில் (ஒரு தடவை அனுப்பும் தொகுதியில்) 127 பைட், அவ்வளவுதான். அதன் மேல் ஐபிவி6 என்ற இணைய நெறிமுறையை ஓட்டும் முறைக்குப் பெயர் சிக்ஸ்லோபேன்.

லினக்ஸ் 4.19 முதல், இந்த ரேடியோவைப் போலவே நடந்துகொள்ளும் மெய்நிகர் கருவி, லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலிலேயே இருக்கிறது. ரேடியோ இல்லாமலே எல்லாம் பழகலாம். ஆனால் வேலை செய்யாதபோது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், முன்னால் சுடோ சேர்த்துத் தட்டுங்கள்.

படி 1: மொடியூல் ஏறியதா?

"மோட்ப்ரோப் மேக்802154_எச்டபிள்யூசிம்" என்று கொடுங்கள். அந்த மெய்நிகர் ரேடியோவின் மொடியூலை (கேர்னலில் சேரும் துண்டை) இது ஏற்றும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் நல்லது. "மொடியூல் நொட் ஃபவுண்ட்" என்று வந்தால், உபுண்டுவில் பெரும்பாலும் "லினக்ஸ்-மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா" மென்பொருள் பொதி இல்லாததுதான் காரணம். "யூநேம் -ஆர்" காட்டும் கேர்னல் பதிப்புக்கே உரிய பொதியைப் போடுங்கள். டொக்கர் கொள்கலனுக்குள் இருந்து முயன்றால் சரிவராது, அது வெளியே ஓடும் கேர்னலைத்தான் பாவிக்கிறது. வெளியே வந்து ஏற்றுங்கள்.

அப்புறம் "டபிள்யூபேன்-டூல்ஸ்" பொதியை நிறுவி "ஐடபிள்யூபேன் டெவ்" என்று கேளுங்கள். டபிள்யூபேன்0, டபிள்யூபேன்1 என்று இரண்டு இடைமுகம் தெரிய வேண்டும்.

படி 2: பேன் எண்ணும் சனலும்

இரண்டு பக்கமும் ஒரே பேன் எண் (வலையமைப்பின் அடையாள எண்), ஒரே சனல். "ஐடபிள்யூபேன் டெவ் டபிள்யூபேன்0 செட் பேன்_ஐடி 0எக்ஸ்1234" என்று வையுங்கள், மற்றதற்கும் அதே எண். இங்கே "டிவைஸ் ஓர் ரிசோர்ஸ் பிஸி (-16)" என்று வந்தால் பயப்பட வேண்டாம். இடைமுகம் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். "ஐபி லிங்க் செட் டபிள்யூபேன்0 டவுன்" கொடுத்துவிட்டு எண்ணை மாற்றுங்கள்.

சனலுக்கு "ஐடபிள்யூபேன் ஃபை ஃபை0 செட் சனல் 0 26". ஃபை0 என்பது டபிள்யூபேன்0இன் ரேடியோ, ஃபை1க்கும் இதையே கொடுங்கள். எண்களில் முதலில் வருவது பக்க எண் (பேஜ், அதாவது சனல் தொகுதியின் எண்), அடுத்தது சனல். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 26 வரை பதினாறு சனல் உண்டு. பக்க எண்ணை விட்டுவிட்டு 26ஐ மட்டும் கொடுப்பது அடிக்கடி நான் காணும் பிழை.

படி 3: லோபேன்

"ஐபி லிங்க் ஆட் லிங்க் டபிள்யூபேன்0 நேம் லோபேன்0 டைப் லோபேன்". இது டபிள்யூபேன்0க்கு மேல் சிக்ஸ்லோபேன் இடைமுகத்தை உருவாக்கும். எடுபடாவிட்டால் "ஐஈஈஈ802154_6லோபேன்" மொடியூலையும் மோட்ப்ரோப்பால் ஏற்றிவிட்டுத் திரும்பக் கொடுங்கள். பிறகு டபிள்யூபேன்0, லோபேன்0 இரண்டையும் "அப்" செய்யுங்கள். டபிள்யூபேன்1 மேல் லோபேன்1ஐயும் இப்படியே உருவாக்கி எழுப்புங்கள். கீழே உள்ளதை எழுப்பாமல் மேலே உள்ளதை மட்டும் எழுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. "ஐபி லிங்க்" காட்டும் எம்டியூவையும் (ஒரு தடவையில் கொண்டுபோகக்கூடிய உச்ச பைட் அளவு) கவனியுங்கள். லோபேனில் 1280 இருக்கும், அது ஐபிவி6 கேட்கும் குறைந்த அளவு. கீழே டபிள்யூபேனில் 123தான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் லோபேன் தரவுப் பொதிகளை உடைத்தும் தலைப்புகளைச் சுருக்கியும் அனுப்புகிறது.

படி 4: நம்பிக்கையைக் கெடுக்கும் பிங்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லோபேன்0க்கு எஃப்டி00::1/64, லோபேன்1க்கு எஃப்டி00::2/64 என்று முகவரி கொடுத்து ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிங் செய்தால் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னப் பொதி அனுப்பினால்) பதில் உடனே வரும். எனக்கும் வந்தது. சனல் பிழைத்தால் எப்படி இருக்கும் என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒன்றை 11க்கும் மற்றதை 26க்கும் மாற்றினேன். அப்போதும் பிங் வந்துகொண்டே இருந்தது. அன்று இரவு முழுக்க அதே யோசனை.

காரணம் இதுதான். இரண்டு முகவரியும் ஒரே கணினியில் இருக்கின்றன. தன்னுடைய முகவரிக்குப் போகும் பொதியை லினக்ஸ் ரேடியோவுக்கு அனுப்பாது, உள்ளேயே லூப்பேக் வழியாகத் திருப்பிவிடும். பார்க்க வேண்டியது "ஐபி -எஸ் லிங்க் ஷோ டபிள்யூபேன்0" காட்டும் டிஎக்ஸ் (அனுப்பியவை) எண்ணிக்கை. பிங் போகும்போது அது ஏறவில்லை என்றால், அந்தப் பதில் ரேடியோ வழியாக வந்ததல்ல.

தீர்வு, ஒரு ரேடியோவைத் தனி நேம்ஸ்பேஸுக்குள் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்த வலையமைப்புக்குள்) அனுப்புவது. இதுவரை செய்த லோபேன்1ஐ முதலில் "ஐபி லிங்க் டெல் லோபேன்1" என்று நீக்கிவிடுங்கள். பிறகு "ஐபி நெட்என்எஸ் ஆட் வட்டை" என்று ஒன்றை உருவாக்குங்கள் (பெயர் உங்கள் விருப்பம்). இங்கே இன்னொரு முடிச்சு இருக்கிறது. வழக்கம்போல "ஐபி லிங்க் செட் டபிள்யூபேன்1 நெட்என்எஸ் வட்டை" என்றால் மறுத்துவிடும். இடைமுகத்தை அல்ல, ரேடியோவையே நகர்த்த வேண்டும்: "ஐடபிள்யூபேன் ஃபை ஃபை1 செட் நெட்என்எஸ் நேம் வட்டை". அதனோடு டபிள்யூபேன்1 கூடவே போய்விடும். பிறகு "ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் வட்டை" என்று ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் போட்டு, படி 2, 3இல் உள்ளவற்றை அங்கேயும் செய்து, எஃப்டி00::2/64 முகவரியையும் அங்கேயே கொடுங்கள். இப்போது பிங் வந்தால் அது உண்மையான பிங். சனலை மாற்றினால் நிற்கும், திருப்பி வைத்தால் வரும். இரண்டையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

படி 5: மூன்றாவது ரேடியோ பேசாவிட்டால்

முதல் இரண்டும் பிறக்கும்போதே ஒன்றோடொன்று இணைந்தவை. "டபிள்யூபேன்-எச்டபிள்யூசிம் ஆட்" என்று புதிதாகச் சேர்ப்பது அப்படியல்ல, தனியாக நிற்கும். "டபிள்யூபேன்-எச்டபிள்யூசிம் எட்ஜ் ஆட் 0 2" என்று நீங்கள்தான் பாதை போட வேண்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. வாவியில் காற்று அடிக்கும் நேரம் மேல்காற்றுத் தோணியில் இருப்பவர் கத்தினால் கீழே இருப்பவருக்குக் கேட்கும், இவர் திருப்பிக் கத்தினால் அவருக்குக் கேட்காது. அதே கதைதான். "எட்ஜ் ஆட் 2 0" என்று மறுபக்கமும் போடுங்கள். பிங் பதில் திரும்பி வர இரண்டும் வேண்டும். எந்தக் கட்டளையும் சேர்க்காமல் அந்தக் கருவியை மட்டும் ஓட்டினால் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்று காட்டும்.

படி 6: பெரிய பொதி

சின்னப் பிங் சரி என்றால் "பிங் -எஸ் 500" கொடுத்துப் பாருங்கள். டபிள்யூபேன்0 மீது, போகும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்தால், அந்த ஒரே பொதி ஐந்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்து போவதைக் கண்ணால் காணலாம். வயலில் நிஜ ரேடியோ வைக்கும்போது இதில் ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பொதியும் போய்விடும். ஆகவே உங்கள் சென்சர் அனுப்பும் தகவலை ஒரே சட்டகத்துக்குள் அடக்கப் பாருங்கள்.

கரண்ட் போய் லப்டொப் நின்றால் இவை எல்லாம் அழிந்துவிடும். மொடியூல், பேன் எண், நேம்ஸ்பேஸ் எதுவும் மிஞ்சாது. சரியாக ஓடிய கட்டளைகளை அதே ஒழுங்கில் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி வையுங்கள்.