வானம் பார்க்க ஆரம்பிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நட்சத்திரங்கள் மேல் ஆர்வம் வந்ததும் பலரும் முதலில் செய்வது, ஒரு மலிவு விலைத் தொலைநோக்கிக்கு ஆர்டர் போடுவதுதான். பெட்டியின் மேல் ‘525 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை நம்பாதீர்கள். ஒரு தொலைநோக்கியால் எவ்வளவு பெரிதாக்கிக் காட்ட முடியும் என்பது அதன் முன்பக்க லென்ஸின் விட்டத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்குதான் உச்ச வரம்பு. 60 மி.மீ. லென்ஸ் என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், கூடவே கலங்கிப்போகும்.

இதைவிடப் பெரிய தொல்லை அதோடு வரும் ஒல்லிக்கால் ஸ்டாண்ட். ஃபோகஸ் திருகைத் தொட்டாலே வியாழன் துள்ளும். ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தால், பூமி சுழல்வதால் அது பார்வை வட்டத்தை விட்டே நகர்ந்துவிடும். பிறகென்ன, தொலைநோக்கி பரணுக்குப் போய்விடும்.

அந்தப் பணத்துக்கு ஒரு 10×50 பைனாகுலர் வாங்கலாம். 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது லென்ஸின் விட்டம். மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெறும் கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம் இதில் டஜன் கணக்கில் விரியும். சனியின் வளையம் மட்டும் தெரியாது, அதற்குத் தொலைநோக்கிதான் வேண்டும். பைனாகுலரோ தொலைநோக்கியோ, எதையும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும். கண் வைக்கும் பக்கம் மாட்டும் சின்ன ‘சன் ஃபில்டர்’ வெப்பத்தில் விரிசல் விடக்கூடியது. அது கையில் இருந்தால் குப்பையில் போடுங்கள்.

அடுத்த தவறு, படத்தில் பார்த்த நிறங்களை வானத்தில் தேடுவது. ஓரியன் விண்மீன் குழுவில் இருக்கும் வாயு, தூசி மேகமான ஓரியன் நெபுலா கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகை மாதிரிதான் தெரியும். அந்தச் சிவப்பும் ஊதாவும் கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. மங்கலான பொருளை நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் விழித்திரையின் ஓரங்கள்தான் குறைந்த ஒளியில் நன்றாக வேலை செய்கின்றன. கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடமாவது ஆகும். நடுவில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

ஆனால் அதிகம் பேர் சறுக்குவது, வேறு ஊர் வானத்தைப் பார்த்துப் படிப்பதில். ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்டவை. ‘முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி’ என்று தொடங்குவார்கள். அது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கும் என்பது நாம் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் 51 டிகிரிக்கு மேல், சென்னையில் வெறும் 13, கன்னியாகுமரியில் 8. கையை நீட்டி மடக்கிய முஷ்டி ஏறத்தாழ 10 டிகிரி. அதாவது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். போதாக்குறைக்கு அது அப்படியொன்றும் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை.

வடக்கில் இழந்ததைத் தெற்கில் வாங்கிக்கொள்ளலாம். அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ், இரவு வானின் பிரகாசமான நட்சத்திரங்களில் இரண்டாவது. லண்டன்காரர்கள் அதை ஊரில் இருந்தபடி பார்க்கவே முடியாது. ஏப்ரல், மே இரவுகளில் நமக்குத் தென் சிலுவை என்ற விண்மீன் குழுவும், ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்தும் கிடைக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் அமைந்திருப்பதில் உள்ள வசதியும் இதுதான்: நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இரு பக்க வானத்தையும் அங்கிருந்து பார்க்கலாம்.

மாதமும் அப்படித்தான். ஆகஸ்ட் வந்தால் பெர்சீட் எரிகல் பொழிவு என்று உலகமே பேசும். நமக்கு அது மேகக் காலம், வானத்தில் அந்தப் பொழிவு கிளம்புவதுபோல் தெரியும் இடமும் நள்ளிரவில் வடக்கே தாழ்வாகத்தான் இருக்கும். டிசம்பர் 14 வாக்கில் வரும் ஜெமினிட் பொழிவு நள்ளிரவுக்கு மேல் நம் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும், மழை விட்டால் யோகம். பொதுவாக ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் தமிழ்நாட்டில் வானம் தெளிவு.

தினசரி காலண்டரில் அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நிலவையே பார்க்கப் போகிறீர்கள் என்றால் பௌர்ணமி வேண்டாம். வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியன்று, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே, பள்ளங்கள் நிழலோடு எழும்பி நிற்கும்.

அப்புறம் இந்த ஆப்கள். நல்லவைதான், ஆனால் 88 விண்மீன் குழுக்களையும் ஒரே ராத்திரியில் காட்டித் திணறடிக்கும். பிப்ரவரி மூன்றாம் வாரம் இரவு எட்டு மணிக்கு ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்கள் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் இருக்கும். அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் இரவு வானின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ், எதிர்ப்பக்கம் நீட்டினால் ரோகிணி, அதைத் தாண்டிக் கார்த்திகை. சென்னையில் அதே நேரம் நேர் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர். முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும். ஆப் காட்டும் திசையை மட்டும் சிரியஸை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பியும், காந்தம் வைத்த போன் கவரும் திசைகாட்டியைக் குழப்பிவிடும்.