எச்.ஐ.வி உள்ளவர்களின் நியூமோனியாவுக்குப் புதிய மருந்து: ஆய்வைக் கெடுக்கும் தவறுகள்

முதல் தவறு பெரும்பாலும் ஆய்வில் சேர்வோர் கையொப்பமிடும் ஒப்புதல் பத்திரத்தின் தலைப்பிலேயே நேர்ந்துவிடுகிறது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவரிடம் "உங்களுக்கு ஒரு பரிசோதனை செய்யப் போகிறோம்" என்றால், இரத்தமோ சளியோ எடுத்துத் தமக்கு என்ன நோய் என்று பார்க்கப் போகிறார்கள் என்றே அவர் விளங்கிக்கொள்வார். சோதிக்கப்படுவது தாம் அல்ல, மருந்துதான் என்பதும், அது பழைய மருந்தைவிட நன்மை தருமா என்பது வைத்தியருக்கே இன்னும் தெரியாது என்பதும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. "எழுமாறாக" என்ற பாடநூற் சொல்லும் அப்படித்தான்: யாருக்கு எந்த மருந்து என்பது சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் தீர்மானிக்கப்படும், வைத்தியர் ஆள்பார்த்துத் தெரிவுசெய்வதில்லை என்று விரித்துச் சொன்னால்தான் அது ஒப்புதல். இவ்வளவும் சொன்னால் ஆட்கள் விலகிவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. விலகுகிறவர் விலகட்டும், விளங்காமல் சேர்ந்தவர் பத்தாம் நாளில் குளிசையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனால் கெடுவது அவருடைய சுவாசப்பையும் ஆய்வின் கணக்கும் சேர்த்துத்தான்.

இங்கே பேசப்படுவது எல்லா நியூமோனியாவும் அல்ல. 1981 ஜூனில் லொஸ் ஏஞ்சலிசில் ஐந்து இளைஞர்களிடம் காணப்பட்டு, பின்னர் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நிலையை உலகுக்கு முதலில் காட்டிக்கொடுத்த நியூமோசிஸ்டிஸ் நியூமோனியாவைப் பற்றியே எழுதுகிறேன். இதை உண்டாக்குவது ஒரு பங்கசு. நோயெதிர்ப்புக் கலங்களான சி.டி.4 கலங்கள் இரத்தத்தில் கன மில்லிமீற்றருக்கு 200இற்குக் கீழே இறங்கியவர்களையே இது பெரும்பாலும் பிடிக்கிறது. வறட்டு இருமல், காய்ச்சல், படியேறினால் மூச்சு வாங்குதல் என்று வாரக்கணக்கில் மெல்ல வளரும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். காசநோயும் ஏறத்தாழ இதே முகத்தோடு வரும் என்பதால், அறிகுறியை மட்டும் நம்பி ஆட்களைச் சேர்ப்பது பெரிய தவறு. காசநோயாளர் இரண்டு குழுக்களிலும் கலந்துவிட்டால் ஒப்பிடப்படும் இரண்டு மருந்துகளில் எதுவும் அவர்களைக் குணமாக்காது. மருந்துகளுக்கு இடையே உண்மையில் இருக்கும் வேறுபாடும் அந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோகும்.

இந்தப் பங்கசைச் சாதாரண ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்ட முடியாது. உப்புக்கரைசலை ஆவியாக்கி உள்ளிழுக்கச் செய்து வரவழைத்த சளியை, அல்லது சுவாசப்பையைக் கழுவி எடுத்த நீரைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். பங்கசின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் சோதனை கூர்மையானது, ஆனால் நோய் உண்டாக்காமல் சும்மா குடியிருக்கும் பங்கசையும் அது பிடித்துவிடும். இன்னொன்று: நன்றாகத் தேறிவிட்டவருடைய சளியிலும் பங்கசின் உறைவடிவங்களான சிறைப்பைகள் வாரக்கணக்கில் தெரியலாம். ஆகவே "சளியில் கிருமி இல்லை" என்பதைக் குணமானதற்கான அளவுகோலாக வைத்து ஆய்வை வகுப்பவர், தொடங்கும் முன்பே தோற்றுவிட்டார்.

அப்படியானால் எதை அளப்பது? நல்ல மருந்து கொடுத்தாலும் முதல் மூன்று முதல் ஐந்து நாள்களில் நோயாளி மோசமடைவது இந்த நோயில் வழக்கம், ஏனெனில் இறக்கும் பங்கசு சுவாசப்பையில் அழற்சியைக் கிளப்புகிறது. மூன்றாம் நாளில் ஒட்சிசன் குறைந்தவுடன் "மருந்து வேலை செய்யவில்லை" என்று மாற்றிவிடுவது விடுதியில் இயல்பாக எழும் பதற்றமே. ஆனால் எந்த மருந்து என்று வைத்தியருக்குத் தெரிந்திருக்கும் ஆய்வில் இந்தப் பதற்றம் புதிய மருந்தின்மேல் மட்டும் விழும். பழைய மருந்துக்கு இன்னும் இரண்டு நாள் பொறுமை கிடைக்கும். எத்தனையாம் நாளில், எந்த அளவீட்டின்படி தோல்வி என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பது இதற்காகத்தான். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட்டும் அதே கதை. தமனி இரத்தத்தில் ஒட்சிசன் அமுக்கம் 70 மி.மீ. இரசத்துக்குக் கீழே இருந்தால் சிகிச்சை தொடங்கி 72 மணித்தியாலத்துக்குள் ஸ்டீரொயிட் கொடுப்பது உயிர் காக்கும். ஒரு குழுவுக்கு அது நேரத்தோடும் மற்றதற்குப் பிந்தியும் போனால், நாம் ஒப்பிட்டது மருந்துகளை அல்ல, ஸ்டீரொயிட்டை.

அளவுகோல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அற்றோவகுவோன் என்ற அன்றைய புதிய மருந்தை, இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் கோ-ட்ரைமொக்சசோலுடன் ஒப்பிட்டு 1993இல் வெளியான ஆய்வைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மொத்த வெற்றி முறையே 62 வீதம், 64 வீதம், ஏறத்தாழச் சமம். உள்ளே புகுந்து பார்த்தால், அற்றோவகுவோன் பெற்றவர்களில் 20 வீதத்தினருக்கு நோய் கேட்கவில்லை, 7 வீதத்தினர் பக்கவிளைவால் நிறுத்தினர். கோ-ட்ரைமொக்சசோலில் அப்படியே தலைகீழ், 7 வீதத்தினருக்கு நோய் கேட்கவில்லை, 20 வீதத்தினர் பக்கவிளைவால் நிறுத்தினர். தோலில் தடிப்பு வந்து மருந்தை மாற்றுவதும், மூச்சு அடங்காமல் போவதும் ஒரே "தோல்வி"ப் பெட்டிக்குள் விழுந்ததால்தான் சமம் போலத் தெரிந்தது. சிகிச்சை முடிந்து நான்கு வாரத்துக்குள் அற்றோவகுவோன் குழுவில் 11 பேர் இறந்தனர், மற்றதில் ஒருவர். சிகிச்சை முடியும் 21ஆம் நாளோடு கணக்கை மூடியிருந்தால் இதில் எவ்வளவு கண்ணுக்குத் தப்பியிருக்குமோ!

அதே ஆய்வில், வயிற்றோட்டத்தோடு சேர்ந்தவர்களுக்கு அற்றோவகுவோன் சரியாகப் பலிக்கவில்லை. கொழுப்புள்ள உணவோடு உட்கொண்டால்தான் அது இரத்தத்தில் போதிய அளவு ஏறும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது வெறுங்கஞ்சி. "உணவுடன் உட்கொள்ளவும்" என்று குளிசைப் பையில் எழுதினால் கஞ்சியும் உணவுதானே என்று வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சியா, எருமைத்தயிரா என்பதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ நோன்பு மாதத்தில் ஒருவர் சேர்ந்தால், நோயாளிக்கு விலக்கு உண்டு என்றாலும் நோன்பு பிடிக்கவே விரும்புவோர் பலர். அவரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் நோன்பு பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார். இந்த நியூமோனியாவுக்குக் கொடுக்கும் வேறு மருந்துகளான பிரைமாகுவின், டாப்சோன் போன்றவை ஒப்பீட்டில் இருந்தால், செங்குருதிக் கலங்களைக் காக்கும் நொதியான ஜி6பிடியின் குறைபாட்டை முன்னரே பார்க்காமல் விடுவது மன்னிக்க முடியாதது. குறைபாடு உள்ளவருக்கு அந்தக் கலங்கள் உடைந்துவிடும்.

இலங்கையில் எச்.ஐ.வி தொற்று மிகக் குறைவு. அது நல்ல செய்தி, ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களை மட்டும் நம்பி இத்தகைய ஆய்வுக்குப் போதிய ஆட்களைச் சேர்க்க முடியாது. சிறு எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "வேறுபாடு காணப்படவில்லை" என்பதை "இரண்டும் ஒன்றே" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. வேறுபாட்டைக் காணும் கண்ணே அந்த ஆய்வுக்கு இருக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வில் ஒரு நிலையமாக இணைவதே வழி. அப்போதும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். முதல் ஆளைச் சேர்க்கும் முன் ஆய்வைப் பகிரங்கப் பதிவேட்டில் பதியவும் வேண்டும்.

ஆட்கள் குறைவு என்பதற்கு இன்னொரு முகம், எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். அக்கரைப்பற்றுக்காரர் தம் ஊர்க் கிளினிக்குக்குப் போகாமல் தூரத்து ஊருக்கு பஸ் ஏறுவது ஏன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவறவிட்ட வருகையை விசாரிக்க ஆய்வின் பெயர் எழுதிய வாகனம் படுவான்கரையில் ஒரு படலைக்கு முன் நின்றால், அந்தக் குடும்பத்தின் இரகசியம் அன்றைக்கே ஒழுங்கை முழுவதும் போய்விடும். தொலைபேசியில் யாரிடம் கதைக்கலாம், வேறொருவர் எடுத்தால் என்ன சொல்வது என்பதை நோயாளியிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

புதிய மருந்தின் பக்கவிளைவைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எச்.ஐ.வி மருந்தைத் தள்ளிப்போடும் ஆசையும் சில திட்டவரைவுகளில் ஒளிந்திருக்கும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில் 282 பேர் இருந்தனர், பெரும்பாலோர் இதே நியூமோனியாக்காரர். எச்.ஐ.வி மருந்தை முந்தித் தொடங்கியவர்களில் சுமார் 14 வீதத்தினருக்கும், பிந்தித் தொடங்கியவர்களில் 24 வீதத்தினருக்கும் எய்ட்ஸ் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. ஆகவே இரண்டு வாரத்துக்குள் அதைத் தொடங்குவதையும், 21 நாள் சிகிச்சை முடிந்ததும் தடுப்புக்காகக் கோ-ட்ரைமொக்சசோலைத் தொடர்வதையும் ஆய்வுத் திட்டத்துக்குள்ளேயே எழுதிவிட வேண்டும், சி.டி.4 எண்ணிக்கை 200இற்கு மேல் ஏறி மூன்று மாதமாவது நிலைக்கும்வரை அந்தத் தடுப்புக் குளிசையை யார், எந்தக் கிளினிக்கிலிருந்து கொடுப்பார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.