ஸ்கூட் அடித்தே ஜெயிப்பவரை மடக்குவது எப்படி: 101 பூல் ரம்மி

ஆறு பேர் உட்காரும் 101 பூலில் (தோற்ற புள்ளிகள் சேர்ந்து 101 தொட்டவர் வெளியேறும் ரம்மி) அந்த ஆசாமி கட்டாயம் ஒருவர் இருப்பார். பதிமூன்று சீட்டையும் எடுத்து விரித்துப் பார்ப்பார், அடுத்த நொடியே கவிழ்த்து வைத்து ‘ஸ்கூட்’, அதாவது இந்தக் கை ஆடவில்லை, என்பார். இரண்டு கைக்கு ஒன்றாவது இப்படிப் போகும். மற்றவர்கள் 60, 80 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசி இரண்டு மூன்று பேரில் இவர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். பொறுத்தார் பூமியாள்வார் என்பதைச் சீட்டுக்கட்டில் காட்டுகிற ஆட்டம் இது. சலிப்பாக இருக்கலாம், ஆனால் கணக்குப்படி வலுவானது. கோபத்தில் எதிர்த்தால் இன்னும் வலுவாகிவிடும்.

விதிகளில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு என்பதால் இங்கே எதை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிடலாம். இரண்டு கட்டு, ஆளுக்கு 13 சீட்டு. முதல் சீட்டு எடுக்குமுன் விலகினால் 20, எடுத்த பிறகு விலகினால் மிடில் ஸ்கூட் 40. கவுண்ட் என்பது தோற்றவர் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் புள்ளி; ஃபுல் கவுண்ட் 80. ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் நான்கும் பத்துப் பத்து. எந்தச் சீட்டுக்கும் பதிலாக வைக்கக்கூடிய ஜோக்கருக்குப் புள்ளி இல்லை. இரண்டு சீக்வென்ஸ் (ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டுகள்) வேண்டும், அதில் ஒன்று ஜோக்கர் சேராத ஒரிஜினலாக இருக்க வேண்டும். 101 தொட்டவர் வெளியே.

அவருடைய ஆட்டம் ஏன் பலிக்கிறது? மோசமான கையோடு ஆடித் தோற்றால் 40லிருந்து 80 வரை போகும். அதை 20க்குள் முடித்துக்கொள்கிறார். நல்ல கை வரும்போது மட்டும் ஆடுவதால் உட்கார்ந்த கைகளில் அதிகம் தோற்பதில்லை. பூஜ்யத்தில் இருப்பவருக்கு ஐந்து ஸ்கூட் கையிருப்பு. அந்த ஐந்தும் தீர்வதற்குள் மற்றவர்கள் ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டிவிடுவார்கள் என்பதுதான் அவர் நம்பிக்கை. ஆகவே உங்கள் குறி அந்தக் கையிருப்பின் மேல் இருக்க வேண்டும்.

கையிருப்பும் மிச்சமும்

ஒவ்வொரு கை தொடங்குமுன்னும் 100லிருந்து ஒருவருடைய புள்ளியைக் கழித்து 20ஆல் வகுத்துப் பாருங்கள். ஈவு, அவருக்கு இருக்கும் ஸ்கூட். மீதி, ஸ்கூட் குறையாமல் அவர் இழக்கக்கூடிய புள்ளி. 45இல் இருப்பவருக்கு 55 பாக்கி: இரண்டு ஸ்கூட், 15 மிச்சம். 60இல் இருப்பவருக்கும் இரண்டு ஸ்கூட்தான், ஆனால் மிச்சம் பூஜ்யம்.

இந்த மிச்சத்தைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. மிச்சம் பூஜ்யமாக இருக்கும்போது இரண்டே புள்ளியில் தோற்றாலும் ஒரு ஸ்கூட் போச்சு, இருபதில் தோற்றாலும் ஒரு ஸ்கூட்தான் போச்சு. ஸ்கூட் ஆசாமி ஜெயிப்பதும் ஸ்கூட் அடிப்பதுமாகவே வந்தால் 20, 40, 60 என்று எப்போதும் மிச்சமில்லாத இடத்திலேயே நிற்பார். அவர் ஆடவந்த ஒரு கையில் வேறு யாராவது ஷோ காட்டி (கையை முடித்து விரித்துக் காட்டி), அவர் கையில் ஒரு 3 மட்டும் மாட்டினாலும் போதும். 60 என்பது 63 ஆகும், இரண்டு ஸ்கூட் ஒன்றாகும். அவரை 80க்குப் பிடிக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையே இல்லை.

அதே கணக்கு உங்களுக்கும். உங்கள் மிச்சம் 15, 18 என்று இருந்தால், கவுண்டைச் சீக்கிரம் இறக்கக்கூடிய சுமாரான கையோடும் உட்காரலாம். மிச்சம் பூஜ்யமென்றால் சுமார் கையில் ‘கொஞ்சமாகத் தோற்றுக்கொள்ளலாம்’ என்ற எண்ணத்துக்கு அர்த்தமில்லை.

இன்னும் ஒரு எல்லைக்கோடு: 20. உங்கள் புள்ளி 20 அல்லது அதற்குக் கீழே இருக்கும்வரை ஒரு ஃபுல் வாங்கினாலும் 100இல் நிற்பீர்கள். 21 ஆனதும் ஒரே ஃபுல்லில் ஆட்டம் முடிந்துவிடும். துணிந்து ஆட வேண்டிய கைகளையெல்லாம் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஆடிவிட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொடக்கத்தில் பயந்து பயந்து ஸ்கூட், 60 தாண்டியதும் வருவது வரட்டும் என்று எல்லாக் கையும்.

அவர் ஸ்கூட் அடித்த கை

முதலில் ஆடுபவர் கைக்குக் கை மாறுவார். அவர் உங்களுக்கு முன்னால் முடிவு சொல்ல வேண்டிய கைகளில்தான் உங்களுக்கு ஆதாயம். அவர் விலகிவிட்டால் அவர் கணக்கில் 20 ஏறியாயிற்று. இனி அந்தக் கையில் உங்கள் அளவுகோல் அந்த 20தான். ஜெயித்தால் நல்லது, தோற்றாலும் 20க்குக் கீழே தோற்றால் அவரைவிட முன்னே இருக்கிறீர்கள். ஆகவே ‘இதில் ஷோ காட்ட முடியுமா’ என்று கேட்பதற்கு முன், ‘நான்கைந்து சுற்றில் 20க்குப் பக்கத்தில் இறங்குமா’ என்று கேளுங்கள்.

ஒரு கை. ஜோக்கர் 9, அதாவது இந்தக் கையில் எல்லா 9களும் ஜோக்கர். இஸ்பேட்டு 4, 5, 6, கிளாவர் 7, 8, ஆர்ட்டின் 9, டைமன் ராஜா, ராணி, ஆர்ட்டின் 3, கிளாவர் 3, டைமன் 6, இஸ்பேட்டு ஜாக்கி, ஆர்ட்டின் 10. இஸ்பேட்டில் ஒரிஜினல் இருக்கிறது. கிளாவர் 7, 8 உடன் ஜோக்கர் சேர்ந்தால் இரண்டாவது சீக்வென்ஸ். பாக்கி ஏழு சீட்டில் 52 புள்ளி. அதில் 40 நான்கே சீட்டில் இருக்கிறது. ஜாக்கியையும் 10ஐயும் முதலில் கழித்து, ராஜா ராணியை ஒரு சுற்று மட்டும் வைத்துப் பார்த்து, அவற்றின் இடத்தில் சின்னச் சீட்டாக வாங்கிக்கொண்டே வந்தால் கவுண்ட் பாதியாகிவிடும். மூன்றாவது 3 வந்தால் அந்த மூன்றும் செட்டாகி (ஒரே எண், வெவ்வேறு இனம்) விழுந்துவிடும். ஆட வேண்டிய கை இது.

இதற்கு மாறாக இரண்டு ஜோக்கர் இருந்து, ஒரே இனத்தில் அடுத்தடுத்த சீட்டு ஒரு ஜோடிகூட இல்லாத கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரிஜினல் விழாதவரை செட்டு கட்டியதும் கணக்கில் சேராது, அத்தனையும் எண்ணப்படும். ஒட்டாத படச்சீட்டு நாலு இருந்தால், அவர் ஸ்கூட் அடித்திருந்தாலும் நீங்களும் அடித்துவிடுங்கள்.

அவர் உட்கார்ந்த கை

இங்கேதான் ஆத்திரம் கண்ணை மறைக்கும். இவ்வளவு நேரம் ஒதுங்கியவர் இப்போது ஆடுகிறார் என்றால் கையில் ஒரிஜினல் ஏற்கெனவே இருக்கிறது, அல்லது ஜோக்கரோடு பாதி கட்டிய கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் இல்லாத கையோடு அவரோடு மோதுவது 40க்கும் 80க்கும் அச்சாரம். விலகுங்கள்.

உங்கள் கையும் நன்றாக இருந்து உட்கார்ந்தால், வேலை இரண்டு. அவர் உங்களுக்கு அடுத்து ஆடுபவராக இருந்தால், நீங்கள் கழிக்கும் ஒவ்வொரு சீட்டும் அவருக்குத்தான் முதலில் போகிறது. அவர் டைமன் 7ஐ எடுத்தால் டைமன் 5, 6, 8, 9 நான்கும் உங்களிடம் பூட்டு. மற்ற 7களும் ஆபத்து. அவர் தானே கழித்த சீட்டின் ஜோடி ஓரளவு பத்திரம். இரண்டு கட்டு என்பதால் ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. ஜோக்கருக்கு ஒட்டிய சீட்டுகளும் பத்திரமானவை: ஜோக்கர் 9 என்றால் 9ஐ யாரும் வெறும் சீட்டாக வீணாக்க விரும்பமாட்டார்கள், அதனால் 8க்கும் 10க்கும் கிராக்கி குறைவு. நடுச்சீட்டுகள், அதாவது 5, 6, 7, சீக்வென்ஸுக்கு இரண்டு பக்கமும் ஒட்டும். அவற்றை முதல் மூன்று சுற்றில் வாரி இறைக்காதீர்கள்.

அவர் உங்களுக்கு முன்னால் ஆடுபவர் என்றால் நிலைமை தலைகீழ். கவுண்டைப் பற்றியே கவலைப்படுபவர் ஆதலால் ஒட்டாத படச்சீட்டை முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே இறக்குவார். உங்களிடம் ராணி, ஜாக்கி ஒரே இனத்தில் இருந்தால் வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாக வைத்திருங்கள்.

கம்பல்சரி ஆனதும்

80 தாண்டியவருக்கு ஸ்கூட் இல்லை, எந்தக் கை வந்தாலும் ஆட வேண்டும். இந்த நேரத்தில் மேசையில் நடக்கும் பெரிய தவறு, எல்லோரும் வழக்கம்போல ஸ்கூட் அடிப்பது. ஐந்து பேரும் விலகினால் அவர் குப்பைக் கையோடு பூஜ்யம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரை யாராவது ஒருவர் எதிர்த்து ஆடியே ஆக வேண்டும். பேசி வைத்துக்கொள்வது அழுகுணி ஆட்டம்; ஆனால் எல்லோரையும்விடக் குறைந்த புள்ளியில் இருப்பவர் நீங்கள்தான் என்றால், கடைசியாக முடிவு சொல்பவரும் நீங்கள்தான் என்றால், சுமார் கையோடும் உட்காருங்கள்.

அந்தக் கையில் கவுண்டைவிட வேகம் முக்கியம். 88இல் இருப்பவர் 12க்குள் இறங்கியாக வேண்டும்; இரண்டு சீக்வென்ஸும் விழாமல் அது நடக்காது. அவருக்கு நேரம் கொடுக்கக் கூடாது. நான்கு சீட்டு சீக்வென்ஸாக நீட்டலாமா, அழகான செட்டுக்குக் காத்திருக்கலாமா என்றெல்லாம் யோசிக்காமல், திறந்த சீட்டை எடுத்தால் கை தெரிந்துவிடுமே என்றும் தயங்காமல், முடிப்பதற்கு எது உதவுகிறதோ அதை எடுங்கள்.

இரண்டே பேர் மிச்சம்

ஆறு பேர் இருந்தபோது அவருக்குப் பலமாக இருந்த பழக்கம் இங்கே ஓட்டையாகிவிடும். அவர் ஸ்கூட் சொன்ன மறுகணம் கை முடிந்தது: அவருக்கு 20, உங்களுக்குப் பூஜ்யம். ஆகவே நீங்கள் முதலில் ஆட வேண்டிய கைகளில், குப்பைக் கை வந்தாலும் உடனே விலகாதீர்கள். ஒரு சீட்டு எடுத்து, ஒன்று கழித்து, அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். அவர் ஆடவந்தால் மிடில் ஸ்கூட்.

கணக்கு இதோ. இருவருக்கும் உள்ள புள்ளி வித்தியாசத்தில் பார்த்தால், குப்பைக் கையை உடனே கவிழ்ப்பது ஒவ்வொரு முறையும் 20 நஷ்டம். பத்துக் கைக்கு 200. காத்திருந்து பார்த்தால், அவர் பாதிக் கையில் விலகுபவர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கையில் 20 வீதம் 100 லாபம், ஐந்து கையில் மிடில் 40 வீதம் 200 நஷ்டம். நிகரம் 100 நஷ்டம், பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் மூன்று கைக்கு ஒன்றுக்கு மேல் விலகும்வரை இந்த வழிதான் மேல். மூன்றுக்கு ஒன்று என்பதில் இரண்டும் சமம், அதற்குக் கீழே போனால் பேசாமல் முதலிலேயே விலகுங்கள்.

ஒரு நிபந்தனை: உங்கள் புள்ளி 60ஐத் தாண்டியிருந்தால் மிடில் ஸ்கூட்டிலேயே நீங்கள் வெளியே போய்விடுவீர்கள். 60க்குக் கீழும் கூட அது இரண்டு ஸ்கூட்டைத் தின்னும் என்பதால், கையிருப்பு உங்களிடம் குறைவாக இருக்கும்போது இதைத் தொடர்ந்து செய்யக் கூடாது.

இரண்டு மூன்று கையில் அவர் இதைக் கவனித்துவிடுவார். சுமார் கையோடும் உட்காரத் தொடங்குவார். அது உங்களுக்கு நல்லதுதான். அவர் ஒதுங்காமல் ஆடும் ஆட்டம் சாதாரண ரம்மி, அதில் அவருக்குப் பழக்கம் குறைவு.

201 பூலில் ஸ்கூட் 25, மிடில் 50. 200லிருந்து கழித்து 25ஆல் வகுங்கள். மூன்றுக்கு ஒன்று கணக்கு அங்கேயும் மாறாது. ஆனால் 120 வரை ஒரு ஃபுல்லைத் தாங்கலாம் என்பதால் முதல் பாதியில் இன்னும் தாராளமாக ஆட இடமிருக்கிறது. அங்கே தொடக்கத்திலிருந்தே ஒதுங்குபவர் தன் கையிருப்பைத்தான் வீணாக்கிக்கொள்கிறார்.

வேகமாக முடிக்கச் சொன்னோம் என்பதற்காகச் சீட்டை அடுக்கிப் பார்க்காமல் ஷோ காட்டிவிடாதீர்கள். தப்பு ஷோவுக்கு 80. ஒரிஜினல் என்று நினைத்த வரிசையில் ஜோக்கர் சீட்டு அதே இனத்தின் சரியான எண்ணாகவே உட்கார்ந்திருக்கிறதா, இரண்டாவது சீக்வென்ஸ் இருக்கிறதா அல்லது செட்டைத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, இரண்டு கட்டு என்பதால் ஒரே செட்டில் ஒரே இனச் சீட்டு இரண்டு புகுந்துவிட்டதா: இந்த மூன்றையும் பார்த்த பிறகு பதினான்காவது சீட்டைக் கவிழ்த்து வையுங்கள்.